வான் ரீனன் ஏற்றத்தில் மட்டும் பூஸ்ட் விழுகிறது, கடற்கரைப் பக்கம் சரியாக இருக்கிறது: காரணம் என்ன?

டோங்காட் வாழை
வெள்ளி, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். பூஸ்ட், அதாவது டர்போ இன்ஜினுக்குள் அமுக்கி அனுப்பும் காற்றின் கூடுதல் அழுத்தம், மலையில் மட்டும் விழுகிறது. மூன்று வாரமாக இந்தக் கோளாறு மனதைப் போட்டு அரிக்கிறது. தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

வண்டி 2012 மாடல், 3 லிட்டர் டர்போ டீசல், டபுள் கேப், மேனுவல் கியர். 2,70,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இந்தியாவிலிருந்து புதிதாக வந்தவர்களுக்காக ஒன்று: இங்கே தென்னாப்பிரிக்காவில் பிக்கப் வண்டியை பக்கி என்றுதான் சொல்வோம், நானும் அப்படியே எழுதுகிறேன்.

தைப்பூசத்துக்கு ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு வாழை இலைக் கட்டு, குலை தள்ளிய வாழை நாலு, சமையலுக்கு இரண்டு பெரிய அண்டா எல்லாம் ஏற்றிக்கொண்டு போனோம். பின்னால் ட்ரெய்லரும் இருந்தது. கீ ரிட்ஜ் ஏற்றத்தை வண்டி நன்றாக ஏறியது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி டவுன் ஹில்லும் அப்படித்தான். லேடிஸ்மித் விலக்கு கடந்து வான் ரீனன் மலையில் பாதி தூரம் போயிருப்போம், யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்த மாதிரி இழுவை போய்விட்டது. இன்ஜின் விளக்கு எரிந்தது. ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்தாலும் 40-க்கு மேல் ஏறவில்லை. பின்னால் லாரி வரிசை, வண்டிக்குள் என் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும். ஓரம் கட்டி அணைத்துவிட்டு பத்து நிமிடம் நின்றேன். மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி இழுத்தது. உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் திரும்ப அதே கதை.

ஊருக்கு வந்து ஒரு பட்டறையில் காட்டினேன். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்து கோளாறுக் குறியீடு பி0299, பூஸ்ட் குறைவு என்றார்கள். டர்போவையே மாற்ற வேண்டும் என்றார்கள். சொன்ன தொகையைக் கேட்டுப் பேசாமல் வந்துவிட்டேன். வண்டிக் கம்ப்யூட்டரின் அளவுகளைப் போனுக்கு அனுப்பும் ஒரு சின்ன ஓபிடி அடாப்டர் வாங்கி போனில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கடற்கரைப் பக்கம் இருக்கும் என் வீட்டுப் பக்கத்து ஏற்றத்தில் 1.2 பார் வரை காட்டுகிறது. இந்த இன்ஜினுக்கு அது சரியான அளவு என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். டர்போ போயிருந்தால் இங்கேயும் காட்டவேண்டாமா?


சாட்ஸ்வர்த் டீசல்
வெள்ளி, இரவு 9.45

தம்பி, டர்போவை மாற்றாதே. முதலில் நான் சொல்வதைப் பார்.

பி0299 என்றால் டர்போ கெட்டது என்று அர்த்தம் இல்லை. ஈசியு, அதாவது இன்ஜினின் கம்ப்யூட்டர், கேட்ட அழுத்தம் ஒன்று, சென்சார் காட்டிய அழுத்தம் அதைவிடக் குறைவு, அந்த வித்தியாசம் சில வினாடிகளுக்கு மேல் நீடித்தது. அந்தக் குறியீடு சொல்வது அவ்வளவுதான். காற்று எங்கே போனது என்று அது சொல்லாது. ஏர் ஃபில்டர் அடைப்பு, ஹோஸ் கிழிசல், கிளாம்ப் தளர்ச்சி, டர்போ அமுக்கிய காற்றை ஆற்றும் இன்டர்கூலரில் ஓட்டை, வேக்கம் பைப் வெடிப்பு, இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரில் கரி, டர்போவுக்குள் தகடுகள் சிக்கிக்கொள்வது, புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் ஈஜிஆர் வால்வ் முழுதாக மூடாமல் இருப்பது, கடைசியாகத்தான் டர்போ. முப்பத்தொரு வருடமாக டீசல் வேலைதான் பார்க்கிறேன். இந்தக் குறியீட்டோடு வந்த வண்டிகளில் பாதிக்கு மேல் ஹோஸும் கிளாம்பும்தான்.

அணைத்து ஸ்டார்ட் செய்தால் சரியாவது லிம்ப் மோட். இன்ஜினைக் காப்பாற்ற ஈசியுவே சக்தியைக் குறைத்துவிடுகிறது. சாவியை அணைத்தால் அந்தத் தடை விலகும், குறியீடு உள்ளேயே இருக்கும்.

நாளைக் காலை இன்ஜின் ஆறியிருக்கும்போது மூன்று விஷயம் பார்த்துச் சொல். ஒன்று, ஏர் ஃபில்டரை வெளியே எடு. நீ கரும்புக் காட்டுப் பக்கம் இருப்பவன், எரிப்பு மாதங்களில் விழுந்த சாம்பல் மடிப்புக்குள் அப்படியே இருக்கும். இரண்டு, டர்போவுக்குள் காற்று போகும் ஹோஸைக் கழற்றி, நடுவில் தெரியும் நட்டை இரண்டு விரலால் பிடித்து ஆட்டு. பக்கவாட்டில் கொஞ்சம் ஆடுவது இயல்பு, ஆயில் படலத்தில் மிதக்கும் தண்டு அது. உள்ளே வெளியே என்று இழுத்தால் ஆட்டம் தெரியக்கூடாது. இறக்கைகளின் நுனி சுற்றுச்சுவரில் உரசிய தடம் இருக்கக்கூடாது. மூன்று, யாராவது ஸ்டார்ட் செய்யும்போது டர்போ பக்கம் இருக்கும், உள் தகடுகளை நகர்த்தும் ஆக்சுவேட்டர் தண்டைக் கவனி. ஸ்டார்ட் ஆனதும் இழுக்கவேண்டும், அணைத்ததும் தயங்காமல் திரும்பவேண்டும்.


மிட்ராண்ட் சென்சார்
வெள்ளி, இரவு 11.20

அண்ணன் சொன்னதெல்லாம் சரி. நான் எண்கள் பக்கம் கொஞ்சம் சேர்க்கிறேன். வேலை கருவிப் பொறியியல், சொந்த ஊர் திருச்சி, ஜோகன்னஸ்பர்க் பக்கம் வந்து ஒன்பது வருடம் ஆகிறது.

டோங்காட் நண்பரே, போனில் தெரியும் 1.2 பார் (ஒரு பார் என்றால் 100 கிலோபாஸ்கல்) நேராக அளந்த எண் இல்லை. மேப் சென்சார் அளப்பது முழு அழுத்தம், அதாவது வெற்றிடத்திலிருந்து எண்ணியது. அதிலிருந்து அன்றைய காற்றழுத்தத்தைக் கழித்தால் வருவதுதான் பூஸ்ட். கழிக்கும் எண் ஊருக்கு ஊர் மாறும். டர்பன் கடற்கரையில் சுமார் 101 கிலோபாஸ்கல், ஜோகன்னஸ்பர்க்கில் சுமார் 83. ஆப் எந்த எண்ணைக் கழிக்கிறது என்று தெரியாமல் பூஸ்டை நம்பவேண்டாம்.

சோதனை எளிது. இன்ஜின் ஓடாமல் சாவியை மட்டும் ஆனில் வையுங்கள். மேப் அளவையும் காற்றழுத்த அளவையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டச் சொல்லுங்கள். இன்ஜின் ஓடவில்லை, ஆகவே இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும், ஒன்றிரண்டு கிலோபாஸ்கல் வித்தியாசம் பரவாயில்லை. டோங்காட்டில் இரண்டும் 100, 101 என்று காட்டும். மேப் மட்டும் 110 என்று வந்தால் சென்சார் பொய் சொல்கிறது. இல்லாத அழுத்தத்தை இருப்பதாகச் சொல்வதால் ஈசியு ஏமாந்து டர்போவைத் தளர்த்திவிடும்.

இன்னொன்று. ஆப்பில் இருபது அளவுகளை ஒரே நேரத்தில் திறக்காதீர்கள். அந்த அடாப்டர் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு வாங்குகிறது. இருபது இருந்தால் பூஸ்ட் அளவு பல வினாடிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கும், விழுந்து எழுந்ததே கண்ணில் படாது. மேப், காற்றழுத்தம், ஆர்பிஎம், இன்ஜின் சுமை, இந்த நாலு போதும். பதிவு செய்யும் வசதியை ஆன் செய்துவிட்டு ஓட்டுங்கள். ஓட்டும்போது போனைப் பார்க்கவே வேண்டாம், வீட்டுக்கு வந்து பாருங்கள்.


லெனேசியா பக்கி
சனி, காலை 6.30

மிட்ராண்ட் நண்பருக்கு நன்றி. ஒரு வருடமாக எனக்குப் புரியாத விஷயம் இப்போதுதான் புரிந்தது. என் போனில் ஐடிலில், அதாவது மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, பூஸ்ட் மைனஸ் 18 கிலோபாஸ்கல் காட்டிக்கொண்டே இருக்கும். எங்கேயோ உறிஞ்சுகிறது, ஏதோ அடைப்பு என்று நினைத்து ஏர் ஃபில்டரை இரண்டு முறை மாற்றிவிட்டேன்.


மிட்ராண்ட் சென்சார்
சனி, காலை 7.05

அதேதான். உங்கள் ஆப் கடல்மட்ட அளவான 101-ஐக் கழிக்கிறது, லெனேசியாவில் இருப்பதோ 83. வித்தியாசம் 18. அமைப்பில் போய்க் காற்றழுத்தத்தை வண்டியிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள், ஐடிலில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். டீசல் இன்ஜின் பெட்ரோல் மாதிரி ஐடிலில் பெரிய வெற்றிடம் காட்டாது. சில வண்டிகளில் ஈஜிஆருக்காக ஒரு த்ராட்டில் தகடு இருக்கும், அதில் மட்டும் கொஞ்சம் கீழே இறங்கலாம்.

அப்புறம், ஈசியு மென்பொருளை மாற்றி, அதாவது ரீமேப் செய்து, சக்தி கூட்டியவர்கள் கவனிக்கவேண்டியது ஒன்று. பொதுவான ஓபிடி மேப் அளவு ஒரே ஒரு பைட்டில் வருகிறது, 255 கிலோபாஸ்கலுக்கு மேல் அதனால் காட்டமுடியாது. உண்மையில் 280 இருந்தாலும் 255 என்று தட்டையாக நிற்கும். வரைபடத்தில் உச்சி மேசை மாதிரி தட்டையாக இருந்தால் டர்போ சீராக இருக்கிறது என்று சந்தோஷப்படவேண்டாம், எண் தீர்ந்துவிட்டது.


டோங்காட் வாழை
சனி, காலை 11.15

பார்த்துவிட்டேன்.

சாட்ஸ்வர்த் அண்ணே, ஏர் ஃபில்டரைத் தரையில் தட்டினேன். கறுப்புச் சாம்பல் ஒரு கைப்பிடி விழுந்தது. நீங்கள் சொன்னது அப்படியே. புது ஃபில்டர் போட்டாயிற்று. டர்போ நட் பக்கவாட்டில் மயிரிழை ஆடுகிறது, உள்ளே வெளியே அசைவே இல்லை. இறக்கைகள் சுத்தமாக இருக்கின்றன. என் தம்பி ஸ்டார்ட் செய்தான், ஆக்சுவேட்டர் தண்டு ஒரே இழுப்பில் போனது, அணைத்ததும் திரும்பியது.

மிட்ராண்ட் நண்பரே, சாவி ஆனில் மேப் 101, காற்றழுத்தம் 101.

மூன்றாம் கியரில், 2,200 ஆர்பிஎம்மில், முழுதாக மிதித்து ஒரே ஏற்றத்தில் மூன்று முறை போனேன். மேப் 225, 226, 226. எல்லாம் சரியாக இருக்கிறது. அதுதான் குழப்பமும்.


வெருலம் நாற்றுப்பண்ணை
சனி, மதியம் 1.40

தம்பி, போனை விட்டுவிட்டு ஒரு மெக்கானிக்கல் பூஸ்ட் மீட்டர் வைத்துவிடு. நாற்று ஏற்றிக்கொண்டு வாரம் இரண்டு முறை ஹோவிக் போகிறவள் நான், ஐந்து வருடமாக என் பக்கியில் இருக்கிறது. ஓட்டும்போது கண்ணை ஓர் ஓரம் திருப்பினால் முள் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். இந்த ஏற்றத்தில், இந்த கியரில், இந்தச் சுமையில் முள் வழக்கமாக எங்கே நிற்கும் என்று எனக்கு மனப்பாடம். அரை விரல் கீழே நின்றால் அன்றைக்கே பானட்டைத் திறந்துவிடுவேன். விளக்கு எரியும்வரை காத்திருக்கவேண்டியதில்லை.

வாங்கும்போது டீசலுக்கானதாகப் பார்த்து வாங்கு, 0 முதல் 2 பார் வரை. பெட்ரோல் வண்டிக்கானதில் டயலில் பாதி வெற்றிடத்துக்குப் போய்விடும், உனக்கு வேண்டிய பகுதி குறுகிவிடும். காற்று எடுக்கும் இடம் இன்டர்கூலருக்குப் பிறகு, இன்ஜினுக்குள் போகும் பைப்பில் இருக்கவேண்டும். ஆக்சுவேட்டருக்குப் போகும் வேக்கம் பைப்பில் மட்டும் டி இணைப்பு போட்டுவிடாதே, டர்போவே குழம்பிவிடும். நான் முதலில் சின்ன ஹோஸை எக்ஸாஸ்ட் பக்கமாக இழுத்துவிட்டேன், இரண்டு மாதத்தில் உருகி விசில் அடித்தது. எதிர்ப்பக்கமாகச் சுற்றி, இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் ஃபயர்வாலில் ஏற்கெனவே ரப்பர் வளையம் இருக்கும் ஓட்டை வழியாகக் கொண்டுவா. புது ஓட்டை போட்டால் இரும்பு விளிம்பு ஹோஸை அறுத்துவிடும்.


சாட்ஸ்வர்த் டீசல்
சனி, மாலை 4.20

அக்கா சொன்ன இரண்டு விஷயமும் தங்கம். ஆனால் மீட்டரைப் பற்றி எனக்கு வேறு கருத்து உண்டு. ட்ரெய்லர் இழுப்பவன் முதலில் பார்க்கவேண்டியது எக்ஸாஸ்ட் வெப்பம். இன்ஜினை உருக்குவது வெப்பம்தான், பூஸ்ட் இல்லை. பூஸ்ட் குறைந்தால் உள்ளே காற்று குறைவு, டீசல் அதே அளவு, எரிப்பு சூடாகிறது. பிஸ்டன் தலையில் ஓட்டை விழுந்து வந்த வண்டிகளை என் கையால் பிரித்திருக்கிறேன். நடுவில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு அலுமினியம் காணாமல் போயிருக்கும்.


லெனேசியா பக்கி
சனி, மாலை 6.00

நான் இரண்டையும் வைத்திருக்கிறேன், கேரவன் இழுப்பதால். சாட்ஸ்வர்த் அண்ணன் சொல்வதற்கு என்னிடம் நேரான உதாரணம் உண்டு. வெப்ப முனை டர்போவுக்கு முன்னால், இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் மேனிஃபோல்டில் இருக்கிறது. வான் ரீனனில் ஐந்தாம் கியரை விடாமல் 1,600 ஆர்பிஎம்மில் மிதித்துப் பிடித்தால் 700 டிகிரியைத் தாண்டும். மூன்றாம் கியருக்கு இறக்கி 2,600-ல் ஏறினால் அதே மலை, அதே கேரவன், 600 பக்கம் வந்து நிற்கும். பூஸ்ட் இரண்டு தடவையும் ஏறக்குறைய ஒன்றுதான். பூஸ்டை மட்டும் பார்த்திருந்தால் இந்த வித்தியாசம் தெரிந்தே இருக்காது.

முனை வைக்க மேனிஃபோல்டைக் கழற்றித்தான் துளை போடவேண்டும். வண்டியில் இருக்கும்படியே துளைத்தால் இரும்புத்தூள் நேராக டர்போ இறக்கையில் போய் அடிக்கும். ஒரு நிமிடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் சுற்றும் சக்கரம் அது, ஒரு துணுக்கு போதும்.


வெருலம் நாற்றுப்பண்ணை
சனி, மாலை 6.25

வெப்பம் முக்கியம் என்பதை ஒத்துக்கொள்கிறேன் அண்ணா. ஆனால் வெப்பம் ஏறுவது நடந்த பிறகு. காற்று கசிவதை முதலில் காட்டுவது பூஸ்ட் முள்தான். தம்பிக்கு இப்போது இருப்பது காற்றுப் பிரச்சினை.


சாட்ஸ்வர்த் டீசல்
சனி, மாலை 6.50

சரி அக்கா, இந்த வண்டிக்கு அது நியாயம்தான்.


மிட்ராண்ட் சென்சார்
சனி, இரவு 10.30

நண்பரின் எண்களைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன். “கடற்கரையில் சரி, மலையில் இல்லை” என்பது குழப்பமாகத் தெரிகிறது, ஆனால் துப்பே அதுதான் என்று நினைக்கிறேன்.

ஈசியு துரத்துவது முழு அழுத்தத்தை. சுமார் 226 கிலோபாஸ்கல் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். டோங்காட்டில் வெளியே 101 இருக்கிறது. டர்போ அதை 2.24 மடங்காக்கினால் போதும். வான் ரீனன் உச்சி சுமார் 1,680 மீட்டர் உயரம். அங்கே வெளியே 83 பக்கம்தான். அதே 226 வேண்டுமென்றால் 2.7 மடங்கு அமுக்கவேண்டும். அதாவது மலைமேல் டர்போ எப்போதுமே அதிகமாகச் சுற்றுகிறது, கையில் மிச்சம் குறைவு. இந்த வகை டர்போவில் உள்ளே இருக்கும் தகடுகள் நகர்ந்து எக்ஸாஸ்ட் காற்றைக் குறுக்கி விசையைக் கூட்டும். ஒரு ஹோஸில் சின்னக் கசிவு இருந்தால் கடற்கரையில் தகடுகள் இன்னும் கொஞ்சம் மூடி ஈடுகட்டிவிடும். நமக்குத் தெரியும் எண் அதே 226. டர்போ படும் பாடு எண்ணில் தெரியாது. மலையில் ஈடுகட்ட மிச்சம் இருக்காது, அங்கே குட்டு வெளிப்படும்.

இதை உறுதிப்படுத்த வான் ரீனனில் எடுத்த பதிவு வேண்டும். அந்தப் பக்கம் போகிறீர்களா?


டோங்காட் வாழை
ஞாயிறு, காலை 7.30

புதன்கிழமை ஹாரிஸ்மித்துக்கு வாழைக்காய் ஏற்றிப் போகவேண்டும். ட்ரெய்லர் இல்லாமல், பாதிச் சுமையோடு போகிறேன். பதிவு எடுத்து வருகிறேன்.


லெனேசியா பக்கி
ஞாயிறு, காலை 9.00

நம் இருவருக்கும் ஒரே இன்ஜின்தான் என்று நினைக்கிறேன். போன மாதம் நான் கேரவனோடு ஏறியபோது எடுத்த பதிவைத் தேடிப் பார்த்தேன். அதே மலை, பாதி உயரம், மூன்றாம் கியர், 2,200-ல் முழு மிதி: காற்றழுத்தம் 84, மேப் 221. உங்கள் எண்ணை இதோடு வைத்துப் பாருங்கள்.


டோங்காட் வாழை
புதன், இரவு 8.40

வந்துவிட்டேன். இந்த முறை விளக்கு எரியவில்லை, சுமை குறைவு என்பதால் இருக்கலாம். பதிவு இதோ.

டவுன் ஹில்லில் பாதி ஏற்றம், காற்றழுத்தம் 91, மேப் 214. எஸ்ட்கோர்ட் தாண்டி ஒரு ஏற்றத்தில் காற்றழுத்தம் 88, மேப் 203. வான் ரீனனில் காற்றழுத்தம் 84, மேப் 178. எல்லாமே மூன்றாம் கியர், 2,200 பக்கம், முழு மிதி. உயரம் ஏற ஏற மேப் படி இறங்குகிற மாதிரி இறங்குகிறது. லெனேசியா அண்ணனின் 221 எங்கே, என் 178 எங்கே.

ஜன்னலை இறக்கி, சிமென்ட் தடுப்புச் சுவர் ஓரமாகப் போகும்போது கேட்டேன். முழுதாக மிதித்தால் “ஸ்ஸ்ஸ்” என்று ஒரு சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது. காலை எடுத்தால் நின்றுவிடுகிறது. ஊரில் ஓட்டும்போது இது காதில் விழுந்ததே இல்லை. கண்ணாடியில் கரும்புகையும் தெரிந்தது.


சாட்ஸ்வர்த் டீசல்
புதன், இரவு 9.05

கிழிசல்தான் தம்பி. கைக்கு அகப்படாத இடத்தில் இருக்கும்.

ஐடிலில் தேடாதே, ஐடிலில் பூஸ்ட் இல்லை, கிழிசல் வாய் மூடியிருக்கும். இப்படிச் செய். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் பைப்பை டர்போ முனையில் கழற்று. இன்டர்கூலரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் பைப்பை இன்ஜின் முனையில் கழற்று. இரண்டு வாயையும் பிளம்பிங் கடையில் கிடைக்கும் பிவிசி மூடியால் அடைத்து கிளாம்ப் போட்டு இறுக்கு. ஒரு மூடியில் துளை போட்டு ட்யூப்லெஸ் டயர் வால்வ் ஒன்றைப் பொருத்து. அதில் காற்று ஏற்று. முதலில் அரை பார். சோப்புத் தண்ணீரை எல்லா இணைப்பிலும் தெளி. பிறகு ஒரு பார் வரை போ, அதற்கு மேல் வேண்டாம். மூடி பிய்த்துக்கொண்டு பறந்தால் பல் போய்விடும், முகத்தை நேராக வைக்காதே. இன்ஜினை இதில் சேர்க்காமல் பைப்பை மட்டும் சோதிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இன்ஜினோடு சேர்த்து ஏற்றினால் திறந்திருக்கும் வால்வ் வழியாகக் காற்று கிராங்க்கேஸுக்குப் போய் ஆயில் சீலைத் தள்ளும்.

மேப் சென்சாரையும் கழற்றிப் பார்த்துவிடு. சாவி ஆனில் சரியாகக் காட்டுவது நல்லதுதான், ஆனால் வாயில் கரி இருந்தால் அழுத்தம் மாறுவதைத் தாமதமாகச் சொல்லும்.


வெருலம் நாற்றுப்பண்ணை
புதன், இரவு 9.30

ஹோஸின் அடிப்பக்கத்தைக் கண்ணாடி வைத்துப் பார், தம்பி. மேலே எல்லாம் பளபளவென்று இருக்கும். கசியும் இடத்தில் ஆயில் ஈரமும் தூசியும் சேர்ந்து கறுப்புக் களிமாதிரி ஒட்டியிருக்கும்.


டோங்காட் வாழை
ஞாயிறு, மாலை 5.10

கண்டுபிடித்தாயிற்று!

சனிக்கிழமை முழுக்க என் தம்பியும் நானும் அண்ணன் சொன்னபடியே செய்தோம். அரை பாரில் ஒன்றும் இல்லை. சோப்பு நுரை அப்படியே நின்றது. மனம் சோர்ந்துவிட்டது. முக்கால் பாரைத் தாண்டும்போது, இன்டர்கூலருக்குள் நுழையும் ஹோஸின் அடிப்பக்கத்தில், கிளாம்பிலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளி, நுரை முட்டை முட்டையாக வந்தது. ஒரு பாரில் சோப்புத் தண்ணீரையே என் முழங்கை மேல் துப்பியது.

ஹோஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். வெளிப்புறத்தில் ஃபேன் கவரின் ஓரம் உரசி உரசி, துணி நூல் தெரியும் அளவுக்குத் தேய்ந்திருக்கிறது. உள்ளே ரப்பர் இரண்டு கட்டைவிரல் நீளத்துக்கு வெடித்திருக்கிறது. கையில் வளைத்தால் உதடு மாதிரி திறக்கிறது, விட்டால் மூடிக்கொள்கிறது. அக்கா சொன்ன கறுப்புக் களி அங்கேதான் ஒட்டியிருந்தது. பட்டறையில் மேலிருந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஹோஸ் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னார்கள்.

மேப் சென்சாரின் வாயில் பாதி கரிப்பசை. எலக்ட்ரிக்கல் க்ளீனர் தெளித்து ஊறவைத்துத் துடைத்தேன், குச்சி எதுவும் உள்ளே விடவில்லை. புது ஹோஸ், புது கிளாம்ப் இரண்டு, ஃபேன் கவர் ஓரத்துக்கு ரப்பர் பட்டி. டர்போவுக்குக் கேட்ட தொகையில் இருபதில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

இன்று காலை அதே வீட்டு ஏற்றம், அதே கியர், அதே ஆர்பிஎம்: மேப் 228. முன்னால் 226. இரண்டே கிலோபாஸ்கல் வித்தியாசம். மிட்ராண்ட் நண்பர் சொல்லியிருக்காவிட்டால் இந்த எண்ணைப் பார்த்து ஒன்றும் சரியாகவில்லை என்றுதான் முடிவு கட்டியிருப்பேன்.


மிட்ராண்ட் சென்சார்
ஞாயிறு, இரவு 7.20

மிகவும் சந்தோஷம். வான் ரீனன் எண் வரும்வரை நான் நகம் கடித்துக்கொண்டிருப்பேன், மறக்காமல் போடுங்கள்.


டோங்காட் வாழை
வியாழன், இரவு 9.00

நேற்று முழுச் சுமையோடு, ட்ரெய்லரும் மாட்டி, வெயில் கொளுத்தும் மத்தியானத்தில் ஏறினேன். வேண்டுமென்றே அதே நேரம் பார்த்துப் போனேன். அதே இடம், மூன்றாம் கியர், 2,200: காற்றழுத்தம் 84, மேப் 219.

178-லிருந்து 219. சுவர் ஓரமாக ஜன்னலை இறக்கினேன், டர்போவின் மெல்லிய விசில் மட்டும்தான் கேட்டது. லாரிகளைத் தாண்டி வலது பக்கம் 80-ல் ஏறினேன். உச்சியில் இறங்கி வண்டியைத் தொட்டுக் கும்பிட்டேன்.

ஒரு விஷயம் கவனித்தேன். பூஸ்டாகக் கழித்துப் பார்த்தால் வீட்டுப் பக்கம் 1.27 பார், வான் ரீனனில் 1.35 பார். மலையில் பூஸ்ட் அதிகமாகக் காட்டுவது சரியா?


மிட்ராண்ட் சென்சார்
வியாழன், இரவு 9.25

சரிதான். வெளிக் காற்று குறைந்ததை டர்போ கூடுதலாக அமுக்கி ஈடுகட்டுகிறது. ஒரு அளவுக்கு மேல் டர்போ வேகத்தைக் காப்பாற்ற ஈசியுவே இலக்கைக் கொஞ்சம் குறைக்கும், அதனால்தான் 228 இல்லாமல் 219. வெருலம் அக்கா மாதிரி மெக்கானிக்கல் மீட்டர் வைத்திருப்பவர்களுக்கும் இதே பதில். அந்த முள் அந்தந்த ஊர்க் காற்றிலிருந்து எண்ணுவது, ஆகவே உயரத்தில் இருக்கும் ஹோவிக்கில் வெருலத்தைவிடச் சற்று மேலே நிற்பது ஆரோக்கியம்.


வெருலம் நாற்றுப்பண்ணை
வியாழன், இரவு 9.40

ஆமாம், அரைக்கோடு மேலே நிற்கும்! ஐந்து வருடமாகப் பார்க்கிறேன், காரணம் இன்றுதான் தெரிந்தது.


டோங்காட் வாழை
வியாழன், இரவு 10.05

அக்கா, மீட்டர் வாங்கிவிட்டேன். 0 முதல் 2 பார், டீசலுக்கானது. அடுத்த வாரம் மாட்டுகிறேன். போனை இனி பதிவு எடுக்க மட்டும் வைத்துக்கொள்வேன். அடாப்டரை இரவில் கழற்றிவிடுகிறேன், நாலு நாள் நிறுத்தியிருந்தபோது பேட்டரி இறங்கிவிட்டது.

சாட்ஸ்வர்த் அண்ணே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அந்தப் பக்கம் வரும்போது ஒரு குலை பூவன் கொண்டுவருகிறேன்.


சாட்ஸ்வர்த் டீசல்
வெள்ளி, காலை 5.50

குலை வரட்டும் தம்பி, வீட்டில் எல்லோருக்கும் பிடிக்கும். புது ஹோஸ் சூடாகி ஆறும்போது கொஞ்சம் அமுங்கும். 1,000 கிலோமீட்டர் ஓடியதும் அந்த இரண்டு கிளாம்பையும் ஒருமுறை இறுக்கிவிடு, இன்ஜின் ஆறியிருக்கும்போது.